காட்டுவதற்கு வாங்கிய துப்பாக்கி

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அப்பா தெற்கே தேரிக்காட்டு ஊர்களில் கருப்பட்டி வாங்கி விற்றவர். அண்ணாச்சி மீசை முளைக்கும் முன்பே மதராசுக்கு வந்து, யானைக்கவுனியில் ஒரு பலசரக்குக் கடையில் நின்று தொழில் கற்று, பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டார். மதராசில் வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். கூடப்பிறந்த எனக்கும் அண்ணாச்சிதான். யுத்தம் முடியும் தருவாயில் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் அரிசி, பருப்பு மொத்த வியாபாரத்துக்காக ஒரு கிடங்கைப் பிடித்தார். அதைப் பார்த்துக்கொள்ள என்னை ஊரிலிருந்து வரவழைத்தார். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அது ரேஷன் காலம். அரிசி எங்கே கிடைக்கும் என்பதே ஊரின் முதல் பேச்சாக இருந்தது. கிடங்கு வைத்திருப்பவன் எல்லாம் பதுக்கல்காரன் என்று தெருவில் பெயர். எங்களிடம் இருந்தது அத்தனையும் கணக்குக் காட்டிய சரக்கு. ஆனால் பூட்டிய கதவுக்கு வெளியே பசியோடு நிற்பவனுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? பக்கத்துக் கிடங்கின் பின்சுவரை யாரோ இடித்து மூட்டைகளைக் கடத்தினார்கள். காவலுக்குப் படுத்திருந்தவரின் கையை முறித்துவிட்டுப் போனார்கள். அதைக் கேட்ட அன்றே அண்ணாச்சி துப்பாக்கி லைசென்சுக்கு அலைய ஆரம்பித்தார்.

லைசென்சு கிடைத்ததும் காவலுக்கு ஆள் தேடினோம். வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். பர்மா யுத்தத்தில் சிப்பாயாக இருந்து திரும்பியவர். அவருடைய அப்பா ரயில்வேயில் தண்டவாளக் கூலி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காதோரம் மட்டும் நரைத்திருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பட்டாளத்துச் சான்றிதழை அண்ணாச்சி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று முதல் எங்களுக்கு அவர் 'பட்டாளத்தார்'.

துப்பாக்கி வாங்க மூவரும் மவுண்ட் ரோட்டுக்குப் போனோம். டிராமில் அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்தோம். பட்டாளத்தார் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

கடையில் இருந்தவர் ஒரு வயதான பாய். முதலில் இரட்டைக் குழல் துப்பாக்கியைத்தான் எடுத்துக் காட்டினார். கிடங்குக் காவலுக்கு அதுதான் சரி என்றார். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அவருக்குப் போலீஸ்காரர் கையில் இருப்பது மாதிரியே வேண்டும். லைசென்சும் அப்படித்தான் எழுதி வாங்கியிருந்தார். பாய் உள்ளே போய் இரண்டு ரைஃபிள்களைக் கொண்டுவந்து, மேஜைமேல் ஒரு கம்பளித் துணியை விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இரண்டுமே ஒரே மாதிரி வேலை செய்பவைதான். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். அந்தத் தாழுக்குப் போல்ட் என்று பெயர். அது தோட்டாவைக் குழலுக்குள் கொண்டுபோய் அடைக்கும்.

ஒன்று யுத்தத்துக்கு முன்னால் சீமையில் செய்தது. கட்டையின் மரத்தில் தேன் நிற வரிகள் ஓடின. பாய் அதன் போல்ட்டை ஒரே விரலால் இழுத்துக் காட்டினார். சத்தமே இல்லை. மற்றது யுத்தகாலத்தில் அவசரத்தில் அடித்துத் தள்ளியது. பிறகு கட்டையை அறுத்துக் குறைத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியிருந்தார்கள். இரும்பில் அரம் போட்ட கோடுகள்கூடத் தேயாமல் இருந்தன. நல்லது மற்றதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விலை.

"இதுல என்ன குறை?" என்று அண்ணாச்சி விலை குறைந்ததைக் காட்டிக் கேட்டார்.

பாய் மறைக்கவில்லை. "குறைன்னு இல்ல மொதலாளி. சுடும். ஆனா போல்ட்டு கொஞ்சம் முரடு. தூசி பட்டா, சூடு ஏறினா பிடிச்சிக்கும். எண்ணெ போட்டுப் பழக்கத்துல வெச்சிருக்கணும்."

நான் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். "நல்லதையே வாங்கிருவோம் அண்ணாச்சி. நம்ம குடோன்ல தவிட்டுத் தூசிக்கு என்ன பஞ்சமா? நேரத்துக்கு உதவாததை வாங்கி என்ன செய்ய?"

"நாம என்ன புலி வேட்டைக்கா போறோம்? வாசல்ல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும். சுடவா வாங்குதோம்? காட்டத்தான வாங்குதோம்."

"சுட வேண்டிய நேரம் வந்துட்டுன்னா?"

"வராதுல. வரப்படாது."

கடைசியில், கையாளப்போகிறவரையே கேட்டுவிடுவோம் என்றேன். அவர் என் பக்கம் பேசுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டாளத்தார் முன்னால் வந்து முதலில் சீமைத் துப்பாக்கியை எடுத்தார். எடுத்த வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை தோள் குறுகி நின்றவர் சட்டென்று உயரமானது போல இருந்தது. கட்டை தோளில் போய்ப் பொருந்தியது. போல்ட் பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி பின்னால், முன்னால். கண் எதிர்ச்சுவரில் எதையோ பார்த்தது. பிறகு அதை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மற்றதை எடுத்தார். அதன் போல்ட்டை இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. பாதியில் ஒருமுறை நின்றது.

"இதுவே போதும் மொதலாளி," என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க பட்டாளத்தாரே," என்றேன்.

"பாத்துட்டேன். குடோனுக்கு இது போதும். அது வோணாம்."

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியா? விஷயம் தெரிஞ்சவரே சொல்லுதாரு." எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மறுவாரமே முதலாளிக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பேசுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணம் மனதில் வெகுநாள் கிடந்தது.

அதன்பின் சில மாதங்கள் ஒரு வம்பும் இல்லை. அண்ணாச்சி சொன்னது பலித்ததாகத்தான் தோன்றியது. பட்டாளத்தார் கிடங்கின் வாசலில் துப்பாக்கியோடு நிற்பார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கூலிக்காரர்களுக்கு முதலில் அவரிடம் பயம். பிறகு பழகிவிட்டார்கள். மத்தியானம் மாட்டுவண்டிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். கடற்கரைப் பக்கமிருந்து கருவாட்டு வாடையும் எங்கள் கிடங்கின் சாக்கு வாடையும் கலந்து வரும் அந்த வாசலில், ஒரு பேச்சும் இல்லாமல் மணிக்கணக்காக நிற்கக்கூடியவர் அவர்.

துப்பாக்கியின் கட்டையைத் துணியால் துடைப்பார், தோல் வாருக்கு மெழுகு போடுவார். போல்ட்டுக்கு மட்டும் எண்ணெய் போட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டேன்.

"எண்ணெ போட்டா தூசி வந்து ஒட்டிக்கும் சின்ன மொதலாளி," என்றார். பாய் சொன்னது வேறு மாதிரி இருந்ததே என்று தோன்றியது. ஆனால் பட்டாளத்தில் இருந்தவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையில் அரிசித் தட்டுப்பாடு கடுமையானது. அடுத்த தெரு ரேஷன் கடையில் சரக்கு இல்லை என்று எழுதிப்போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஜனங்கள் காலையில் வந்து நின்று, மத்தியானம் வரை பார்த்துவிட்டு, வெறும் பையோடு திரும்பினார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் எங்கள் கிடங்கு வாசலில் லாரி நின்றது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக் கூலிகளுக்குப் போகவேண்டிய அரிசி அது. பர்மிட் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ரேஷன் கடை வாசலில் நின்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, மூட்டை மூட்டையாக அரிசி எங்கோ போகிறது என்பதுதான்.

முதலில் சில பெண்கள் வந்து லாரிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பிறகு தெரு நிறைந்துவிட்டது. அன்று அண்ணாச்சியும் கிடங்கில் இருந்தார். படிமேல் நின்று, அது யாருக்குப் போகிற அரிசி என்று சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஓர் அம்மாளை எனக்கு அடையாளம் தெரியும். வியாசர்பாடியில் பட்டாளத்தார் குடியிருந்த வீட்டு வரிசையின் முனையில் ஆப்பம் சுட்டு விற்பவர். எங்கள் கிடங்குக்கே சில சமயம் நொய் வாங்க வந்திருக்கிறார். அரிசி கிடைக்காததால் அடுப்பு மூட்டிப் பல நாள் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் பட்டாளத்தாருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"இன்னா நைனா, நம்ம ஜனத்துக்கு எதிரா துப்பாக்கிய புடிச்சுகினு நிக்கிறியா?"

பட்டாளத்தார், "தள்ளிப் போங்கோ. தள்ளிப் போங்கோ," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. அது அண்ணாச்சியின் நெற்றியில் பட்டு, அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் அவரைப் பிடிக்க ஓடினேன். கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் நகர்ந்தது. அண்ணாச்சி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "மேல பாத்து ஒண்ணு சுடுங்க! மேல பாத்து!"

துப்பாக்கி பட்டாளத்தாரின் தோளுக்குப் போயிற்று. மவுண்ட் ரோட்டுக் கடையில் பார்த்த அதே வேகம். போல்ட்டை இழுத்தார். முன்னால் தள்ளினார். அது பாதி வழியில் நின்றது. மறுபடி இழுத்துத் தள்ளினார். மறுபடி நின்றது. தோட்டா ஏறுக்குமாறாகச் சிக்கிக்கொண்டது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

முன்னால் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அப்போது கூட்டத்தில் யாரோ ஓர் ஆள், "துப்பாக்கி படுத்துகிச்சுடா!" என்று கூவினான். ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கல்லைத் தூக்கிய கைகள் கீழே இறங்கின. அதற்குள் லாரியின் பின்பக்கம் ஏறிய சிலர் மூட்டைகளைக் கிழித்தார்கள். பெண்கள் முந்தானையிலும் பையிலும் அரிசியை வாங்கிக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளாமல், கிட்டத்தட்ட ஒழுங்காகவே கலைந்து போனார்கள். ஆப்பக்கார அம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். அவர் அரிசி எடுத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

தெரு காலியான பிறகு பட்டாளத்தாரைத் தேடினேன். கிடங்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, இன்னும் அந்தப் போல்ட்டை அடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கட்டையில் வழிந்தது. நான் தோளைத் தொட்டதும்தான் நின்றார். துப்பாக்கி கைகொடுக்காத அவமானம் என்று நினைத்தேன். "போகட்டும் பட்டாளத்தாரே, யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

போலீஸ் வந்தது. நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, கல் எறிந்தது யாரென்று தெரியாது, கேஸ் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாளைக்கும் அதே தெருவில்தானே கதவைத் திறக்க வேண்டும்.

இதற்குப் பின் நடந்தவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

வியாசர்பாடியில் பட்டாளத்தார் பெரிய மனிதராகிவிட்டார். முதலாளி சுடு என்று கத்தியும் தன் ஜனங்கள்மேல் சுட மாட்டேன் என்று துப்பாக்கியை வேண்டுமென்றே சிக்கவைத்தார் என்று பேச்சு பரவியது. டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். பந்து விளையாடுகிற இளைஞர்கள் அவரைத் தங்கள் ஆட்டத்துக்கு அழைத்துப்போய் மாலை போட்டார்கள் என்று எங்கள் கூலிக்காரர் ஒருவர் பெருமையோடு சொன்னார். பட்டாளத்தாரோ அந்த நாட்களில் இன்னும் சுருங்கிப்போனார். மத்தியானச் சோற்றை வண்டிக்காரர்களோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

இங்கே அண்ணாச்சி வேறு விதமாகத் தவித்தார். "கழுதை, என் கஞ்சத்தனம்ல இது. நீ சொன்னியே, நான் கேக்கலியே. அந்தக் கூட்டம் வேற மாதிரித் திரும்பியிருந்தா அந்த மனுசனை உரிச்சிருப்பானுவோல்லா? உதவாத இரும்பைக் கையில குடுத்து ஒருத்தனை வாசல்ல நிறுத்திட்டேனே," என்று சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து புலம்பினார். நெற்றிக் காயம் ஆறுவதற்குள் மறுபடி மவுண்ட் ரோட்டுக்குப் போனார். அந்தச் சீமைத் துப்பாக்கி இன்னும் விற்காமல் இருந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கி, பழையதைக் கடையிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தார். அண்ணாச்சி பேரம் பேசாமல் வாங்கிய பொருள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதைப் பட்டாளத்தாரிடம் கொடுக்கும் வேலை எனக்கு. கிடங்கின் அலுவலக அறையில், மத்தியானம் கூலிகள் படுத்திருக்கும் வேளையில், அவரைக் கூப்பிட்டேன். மேஜைமேல் துப்பாக்கி இருந்தது. பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எடுத்துக்கோங்க. இது மக்கர் பண்ணாது," என்றேன்.

"நா வேலய வுட்டு நின்னுக்கிறேன் சின்ன மொதலாளி."

"ஏன்? அண்ணாச்சி உங்களை ஒரு வார்த்தை சொன்னாரா? தப்பு எங்க மேலதான்னு அவரே சொல்லிக்கிட்டு இருக்காரு."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைக் காட்டியும் ஏறவில்லை. கட்டுப் போட்டிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பெரிய மொதலாளி மேல பாத்து சுடச் சொன்னாரு. கேட்டுது. நல்லா கேட்டுது. நா மேல பாக்கல."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த ஆப்பக்கார அம்மா நெஞ்சத்தான் பாத்தேன். கல்லு வந்து வுழுந்துச்சா, கூட்டம் அசைஞ்சுதா, அவ்ளோதான். அப்பால எனக்கு அது யாருன்னு தெர்ல. எதுக்கால ஒரு ஆளு நிக்குது. அவ்ளோதான் தெரியும். போல்ட்டு மட்டும் உள்ள போயிருந்தா அந்த அம்மா இன்னிக்கி இல்ல."

"பட்டாளத்தாரே..."

"எல்லாரும் போன பொறவும் அட்ச்சுகினே இருந்தேனே, பாத்தீங்கோ இல்ல? இன்னாத்துக்கு அட்ச்சேன்? எனக்கே தெர்ல. கையி நிக்கல."

வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும் வரை காத்திருந்தார்.

"பர்மாவுல ஒருத்தன் கையத் தூக்கினு வந்தான். தூக்கினு வந்தான்னு எனக்கு சுட்டதுக்கு அப்பாலதான் தெரிஞ்சுது. அன்னிக்கே என்னப் பத்தி எனக்குப் புரிஞ்சுபோச்சு. கடையில அந்த நல்லத எடுத்தேன் பாருங்கோ, எடுத்தவொடனே ஒடம்பு பழயபடி ஆயிடுச்சு. அதான் வோணாம்னேன். மோசமானதா இருந்தா, அத்த இழுத்து மல்லுக்கட்றதுக்குள்ள புத்தி வந்துடும்னு ஒரு கணக்கு. எண்ணெயும் வேணும்னுதான் போடல."

"அப்படின்னா இந்த வேலைக்கே ஏன் வந்தீங்க?"

"வேற யாரு மொதலாளி எனக்கு வேல குடுத்தாங்க? பட்டாளத்துலேர்ந்து வந்தவனுக்கு இத்தத் தவிர இன்னா தெரியும்னு கேட்டாங்கோ. நானும் காட்டுறதுக்குத்தானேன்னு வந்தேன்."

மேஜைமேல் கிடந்த துப்பாக்கியை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தார். "இத்த எங்கையில குடுக்காதீங்கோ," என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்றைச் சாப்பாட்டில் போடாதே என்று சொல்வதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அண்ணாச்சியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "பெரிய மொதலாளிக்கு எம்மேல நல்ல எண்ணம் கீது. அவுரு துப்பாக்கிதான் கெட்டுதுன்னு நெனச்சுகினு இருக்கட்டும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அந்த அம்மாகிட்ட சொல்லணும்," என்றார்.

"எதுக்கு? அவங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"தெனம் கூப்ட்டு ஆப்பம் குடுக்குது. நீதான்டா எம்புள்ளன்னு சொல்லுது. எப்டி சின்ன மொதலாளி துன்றது?"

அன்று சாயங்காலமே வேலையை விட்டு நின்றுவிட்டார். அண்ணாச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சம்பளத்தைக் கூட்டுவதாகக்கூடச் சொன்னார். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த அம்மாளிடம் சொன்னதைப் பிறகு பட்டாளத்தார் வாயாலேயே கேட்டேன். கொஞ்ச நாள் கழித்துத் துறைமுகத்தில் அவருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் இடத்தில் கயிறும் கொக்கியும் பார்த்துக்கொள்ளும் வேலை. நன்றி சொல்ல வந்தபோது சொன்னார். காலையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த அம்மாளின் அடுப்புக்கு முன்னால் போய்க் குந்தியிருக்கிறார். நடந்தது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஆப்பச்சட்டியைச் சுழற்றுவதை நிறுத்தவே இல்லையாம். கேட்டு முடித்ததும், "சரி, எந்திரிச்சுப் போ," என்றாராம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் பட்டாளத்தாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இவர் அந்த வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தக் குடியிருப்பில் பட்டாளத்தாரைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் அவர் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். சொல்லியிருந்தால் ஒரே நாளில் இவர் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டியிருந்திருக்கும்.

எங்கள் வாசலில் அதன்பின் துப்பாக்கிக்காரர் யாரும் நிற்கவில்லை. புதுக் காவல்காரர் பெயரை லைசென்சில் ஏற்ற வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். பக்கத்துக் கிடங்குக்காரர்களோடு சேர்ந்து தடியோடு ஆட்களைப் போட்டோம். சுவரின்மேல் கண்ணாடித் துண்டு பதித்தோம். லாரியில் சரக்கு ஏற்றும் நாளில், அது எங்கே போகிறது என்பதை ஒரு பலகையில் எழுதிக் கதவில் மாட்டினேன். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டால் சொல்ல ஒரு ஆளையும் நிறுத்தினேன். பிறகு அரிசியும் தாராளமாக வர ஆரம்பித்தது. சீமைத் துப்பாக்கி, போல்ட்டைத் தனியாகக் கழற்றி வேறு பெட்டியில் வைத்து, யானைக்கவுனிக் கடையின் இரும்பு அலமாரியில் கிடந்தது. அண்ணாச்சி காலமான பிறகு, லைசென்சைப் புதுப்பிக்காமல் போலீஸில் ஒப்படைத்துவிட்டேன். ஒரு தோட்டாகூட அதிலிருந்து போனதில்லை.

அண்ணாச்சி கடைசிவரை அந்தக் கதையைத் தன் பாணியில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கு வரும் ஊர்க்காரர்கள் தராசோ பூட்டோ வாங்கப்போவதாகச் சொன்னால், நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி, "இரும்புச் சாமான்ல மட்டும் வெலையப் பாக்காதிய. நான் பாத்தேன், ஒரு மனுசன் உசுரு போயிருக்கும்," என்பார். நான் பக்கத்தில் இருந்தால் என்னைப் பார்த்துத் தலையசைப்பார், தம்பி அன்றைக்கே சொன்னான் என்று. நானும் தலையசைப்பேன்.

பட்டாளத்தாரைக் கடைசியாகப் பார்த்தது துறைமுகத்துக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில். சில வருடங்கள் ஓடிவிட்டிருந்தன. தலை முழுவதும் வெளுத்திருந்தது. ஆனால் முகம் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. அண்ணாச்சியின் உடம்பைப் பற்றி விசாரித்தார். நான் அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டேன்.

"கீறாங்கோ. நல்லா கீறாங்கோ."

"பேசுறாங்களா?"

"இல்ல சின்ன மொதலாளி. இன்னிக்கி வரிக்கும் பேசல." வருத்தத்தோடு சொல்வதாகத் தெரியவில்லை. "இன்னமும் என்ன நல்லவன்னு சொல்லிகினு கீறானுங்கோ. காதுல வுழும்போது அந்த அம்மா மூஞ்சியப் பாப்பேன். அது திரும்பிக்கும். அப்பதான் எனக்கு மூச்சே வரும். நெசம் தெரிஞ்ச ஒரு ஆளு அங்க ஒக்காந்துகினு கீதே. அது போதும்."

எனக்கும் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றவன். அந்த அம்மாள் முன்னால் நின்றவர். சொல்லவில்லை.

திருவொற்றியூர் பஸ் வந்தது. ஷிப்டு முடிந்தவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவர் எல்லாரையும் ஏறவிட்டுக் கடைசியாகப் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று தலையை மட்டும் அசைத்தார்.